சைனஸ்காரர்கள் செய்யும் தவறுகள், நானும் செய்தவை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறேன். போன வாரம் செம்பனை (பாமாயில்) ஆலைத் தம்பி ஒருவர் மூன்றாவது பாட்டில் மூக்கு ஸ்பிரே கேட்டு வந்தார். "இது இல்லாம தூக்கமே வராதுக்கா" என்றார். 22 வயதில் நானும் இதையேதான் சொன்னேன்.

ஸ்பிரேயை விடாமல் அடிப்பது

அவர் கேட்ட ஆக்ஸிமெட்டாசோலின் ஸ்பிரே மூக்கினுள் வீங்கிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும். சில நிமிடத்தில் மூக்கு திறந்துவிடும். நாலைந்து நாளுக்கு மேல் போனால், மருந்தின் வேகம் இறங்கியதும் குழாய்கள் மறுபடி வீங்கும். மறுபடி அடிப்போம், மறுபடி அடைக்கும். சளிதான் இன்னும் போகவில்லை என்று நினைத்து ஏழு மாதம் இப்படியே ஓட்டினேன். தலையணைக்கு அடியில் எப்போதும் ஒரு பாட்டில் இருக்கும். இரண்டு கிளினிக் ஏறி, இரண்டு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். ஸ்பிரே பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியில் ஈப்போவில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார்.

முதலில் ஒரு பக்க மூக்கில் நிறுத்தச் சொன்னார், அது திறந்த பிறகு மறுபக்கம். கூடவே வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே கொடுத்தார். அந்த வாரம் சரியாகத் தூங்கவே இல்லை. ஆனால் மூக்கு திறந்தது. எத்தனை நாள் அடிக்கலாம் என்பதை விற்பவர் வாயால் சொல்ல அரை நிமிடம் போதும். அதைக்கூடச் சொல்லாமல் பாட்டிலை நீட்டுவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அந்தத் தம்பியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

ஸ்டீராய்டு ஸ்பிரேயை இரண்டே நாளில் தூக்கிப் போடுவது

அது உடனே திறக்கிற மருந்து இல்லை. தினமும் அடித்தால்தான், அதுவும் சில நாள் கழித்துத்தான் பலன் தெரியும். முனையை மூக்கின் நடுச்சுவர்ப் பக்கம் திருப்பாதீர்கள், ரத்தம் கசியும்.

பச்சைச் சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்பது

முக எலும்புக்குள் சைனஸ் எனப்படும் நான்கு ஜோடிக் காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் வாசல் வீங்கி அடைத்தால் உள்ளே நீர் தேங்கும், முகம் கனக்கும். பெரும்பாலும் இது வைரஸ் வேலை, ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. பச்சை நிறம் நம் வெள்ளை அணுக்களிலிருந்தும் வரும். 10 நாளாகியும் குறையவில்லை, அல்லது குறைந்து வந்தது திடீரென முற்றுகிறது என்றால் பாக்டீரியாவாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள்.

குழாய்த் தண்ணீரில் மூக்கு கழுவுவது

கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் மட்டும்.

பல்லை மறப்பது

ஒரு பக்கம் மட்டும் நாற்றச் சளி வந்தால் மேல் கடைவாய்ப் பல்லையும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண் வீங்கியும் காத்திருப்பது

கண் வீக்கம், இரட்டைப் பார்வை, கழுத்து விறைப்பு. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.