வாஷிங் மெஷினில் வீச்சமா? முதலில் ரப்பரைப் பாருங்கள்

துவைத்த துணியிலேயே ஈர வாடை அடிக்கிறதா? முன்பக்கம் கதவுள்ள மெஷின் என்றால், கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள். முடி, நூல், சோப்புக் குழம்பு, கறுப்புப் பூஞ்சை எல்லாம் அங்கேதான் தங்கும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, உலர்ந்த துணியால் ஒருமுறை ஒற்றி எடுங்கள். கடைசித் துவையல் முடிந்ததும் இதைச் செய்துவிட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்தால் பூஞ்சை பிடிக்காது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் மட்டும் கவனம், திறந்த கதவு வழியே உள்ளே ஏறிவிடலாம்.

சோப்புத் தூள் போடும் தட்டைக் கழற்றி வெந்நீரில் கழுவுங்கள். கீழே மூலையில் இருக்கும் வடிகட்டியையும் மறக்க வேண்டாம். தண்ணீர் கொட்டும், அகலத் தட்டு ஒன்றை வைத்துக்கொண்டு திருகுங்கள்.

மாதம் ஒருமுறை துணி போடாமல், 'டப் கிளீன்' அல்லது இருப்பதிலேயே சூடான சுற்றில் ஓட்டுங்கள். போர்வெல் தண்ணீர் என்றால் உப்புப் படியும். அதற்கு மெஷினுக்கென்று விற்கும் டீஸ்கேலிங் பவுடர் போதும். அதோடு பிளீச்சிங் பவுடரை மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

அப்புறம், சோப்பைக் குறையுங்கள். நுரை அதிகமானால் துணி கூடுதலாக வெளுக்காது. அலசிப் போகாத மிச்சம்தான் டிரம்முக்குப் பின்னால் படிந்து நாறும்.