டவல் ரேடியேட்டரைத் தண்ணீர் வடித்துக் கழற்றுவது எப்படி?

நம்ம ஊரில் கொடியில் போட்டால் துண்டு தானாகக் காய்ந்துவிடும். இங்கே லண்டனில் அதற்கென்றே குளியலறைச் சுவரில் ஏணி மாதிரி ஒரு ரேடியேட்டரை மாட்டி, பாய்லர் சுடுதண்ணீரை அதற்குள் ஓடவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அதன் பின்னால் டைல்ஸ் ஒட்ட வேண்டியிருந்தது. கழற்றி மாட்ட பிளம்பர் கேட்ட கூலியைக் கேட்டதும் நானே இறங்கிவிட்டேன். முதல் தடவை குளியலறை குளமானது. இது இரண்டாம் தடவைக்குப் பிறகு எழுதுவது.

ஹீட்டிங்கை அணைத்து, ரேடியேட்டர் நன்றாக ஆறட்டும். கீழே இரண்டு வால்வு இருக்கும். கைப்பிடி உள்ளதை வலப்பக்கம் திருகி மூடுங்கள். இன்னொன்று லாக்‌ஷீல்டு, தண்ணீர் ஓடும் அளவை நிர்ணயிக்கும் வால்வு. பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் சின்னத் தண்டு தெரியும். அதை ஸ்பேனரால் மூடும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவையுங்கள். என்னுடையது ஒன்றரைச் சுற்று. திரும்ப மாட்டும்போது அதே அளவுதான் திறக்க வேண்டும். கூடுதலாகத் திறந்தால், இது மட்டும் கொதிக்கும், மற்ற அறைகள் குளிரும்.

அடுத்து, வடிப்பது. வால்வுக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் இடம்தான் இருக்கும், பக்கெட் நுழையாது. பெயின்ட் ரோலர் ட்ரே கச்சிதமாக நுழையும். சுற்றிலும் பழைய துண்டுகள், கறுப்பாக இருந்தால் நல்லது. வருவது தண்ணீர் இல்லை, மை. இரும்புத் துரு கலந்த கறுப்புச் சேறு அது. வெள்ளைத் துண்டில் பட்டால் போகவே போகாது.

நான் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். ரேடியேட்டரையும் வால்வையும் இணைக்கும் பெரிய நட்டை எந்தப் பக்கம் திருப்புவது? தரையில் படுத்துக்கொண்டு கீழிருந்து பார்த்து இடப்பக்கம் திருப்பினேன். இறுகிக்கொண்டே போனது. பலம் கொடுத்ததில் வால்வோடு சேர்ந்து செப்புக் குழாயும் முறுக்கிக்கொண்டது. அந்த நட் மேலிருந்து வந்து வால்வின் மீது இறங்கி உட்காருகிறது. அதனால் மேலிருந்து குனிந்து பார்த்து இடப்பக்கம், அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், திருப்ப வேண்டும். ஒரு கையில் வாட்டர் பம்ப் ப்ளையரால் வால்வை அசையாமல் பிடித்து, மறு கையில் ஸ்பேனர். மலிவான அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் வேண்டவே வேண்டாம். வாய் ஆடி நட்டின் முனையை மழுக்கிவிடும். குரோம் கீறாமலிருக்க ப்ளையர் வாயில் துணி சுற்றுங்கள்.

நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். கொஞ்சம் பீச்சியடித்துவிட்டு, பிறகு கசிவாகக் குறையும். குறையாமல் அதே வேகத்தில் வந்துகொண்டே இருந்தால் வால்வு சரியாக மூடவில்லை. நட்டை உடனே இறுக்கிவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள். குறைந்தால், மேலே உள்ள ஏர் திருகைச் சாவியால் லேசாகத் திறங்கள். காற்று உள்ளே போகப் போகத் தண்ணீர் வேகமாக இறங்கும். ட்ரே நிறைந்ததா? ஏர் திருகை மூடினால் ஓட்டம் தளரும். நட்டையும் கொஞ்சம் இறுக்கி, ட்ரேயைக் கொட்டிவிட்டு வாருங்கள். முதல் தடவை ஏர் திருகை முழுசாகத் திறந்துவிட்டு ட்ரேயைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான்.

வடிந்ததும் இரண்டு நட்டையும் கழற்றி, சுவர் பிராக்கெட்டுகளைத் தளர்த்தித் தூக்குங்கள். இரண்டு பேர் வேண்டும். உள்ளே இன்னும் ஒரு குவளைச் சேறாவது மிச்சமிருக்கும். ஓட்டைகளில் துணியை அடைத்து, அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி சாய்த்துக் கொண்டுபோங்கள்.

மாட்டும்போது நட்டுகளை இறுக்கி, வால்வுகளைத் திறந்து, ஏர் திருகு வழியாக உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, காம்பி பாய்லரில் (ஹீட்டிங்குக்கும் குழாய்க்கும் சேர்த்துச் சுடுதண்ணீர் தருவது) அழுத்தத்தை 1 முதல் 1.5 பாருக்குக் கொண்டுவாருங்கள். துருத் தடுப்பு மருந்து கொஞ்சம் ஊற்றுவது நல்லது. பாய்லருக்குள் மட்டும் கை வைக்காதீர்கள். அது கேஸ் சேஃப் (இங்குள்ள கேஸ் வேலைக்காரர்களுக்கான அதிகாரப்பூர்வப் பதிவேடு) பதிவுள்ளவர் வேலை.

பின்சேர்க்கை: ஒருவர் சில நாள் கழற்றியே வைத்திருந்தபோது இரவில் தண்ணீர் கொட்டியதாம். எண் போட்ட தெர்மோஸ்டாட் வால்வு என்றால், அறை ரொம்பக் குளிர்ந்ததும் அது தானாகத் திறக்கும். ரேடியேட்டர் இல்லாத நாட்களில் இரண்டு வால்விலும் அடைப்பு மூடி போட்டே ஆக வேண்டும்.

இன்னொன்று: கோடைக்கு மின்சார ராடு பொருத்திய மாடல் என்றால், முதலில் அதன் இணைப்பை எலக்ட்ரீஷியனை வைத்து எடுத்துவிடுங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது ராடை ஒருபோதும் போடக் கூடாது. சூட்டில் விரியும் தண்ணீருக்குப் போக வழியிருக்காது.