சத்தம் வந்தாலும் வேலை முடியவில்லை: வெளிப்புற சவுண்ட் கார்டுக்கு டிரைவர் நிறுவும் முறை

என் அக்கா மகள் ஒரு வர்ணத்தைப் பதிவு செய்ய உட்கார்ந்தாள். புதிய சவுண்ட் கார்டு, நல்ல மைக், காதில் ஹெட்ஃபோன். கார்டைச் செருகியதும் லேப்டாப்பில் பாட்டு கேட்டது, அதனால் எல்லாம் சரி என்றுதான் நினைத்தோம். அவள் பாடத் தொடங்கியதும் சிக்கல் தெரிந்தது. ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு கணம் தள்ளியே அவள் காதுக்கு வந்தது. தன் குரலுக்காகக் காத்திருந்து காத்திருந்து இரண்டாவது ஆவர்த்தனத்தில் தாளம் நழுவிப் போனது. மைக்கும் குரலும் நன்றாகவே இருந்தன. கணினியும் கார்டும் பேசிக்கொள்ள உதவும் மென்பொருளான டிரைவரைத்தான் நாங்கள் நிறுவவே இல்லை.

டிரைவர் இல்லாமல் சத்தம் எப்படி வந்தது? யூஎஸ்பி ஆடியோ கருவிகளுக்கென்று பொதுவான ஒரு விதிமுறை உண்டு. அதன் இரண்டாம் பதிப்புக்கான டிரைவரை 2017ல் வந்த விண்டோஸ் 10 மேம்படுத்தலிலிருந்து மைக்ரோசாஃப்ட் தானே சேர்த்துத் தருகிறது. பாட்டு கேட்க, வீடியோ அழைப்பு பேச அது போதும். பதிவு செய்ய வேண்டும் என்றால் ஏஎஸ்ஐஓ என்ற வழி தேவை. இது ஸ்டைன்பெர்க் நிறுவனம் உருவாக்கியது. பதிவு மென்பொருளும் கார்டும் விண்டோஸின் ஒலிக் கலவைக்குள் நுழையாமல் நேராகப் பேசிக்கொள்ள இது வழி செய்கிறது. அது பெரும்பாலும் கார்டு தயாரித்தவர் தரும் டிரைவரோடுதான் வரும்.

பலரிடமும் இருக்கும் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவை வைத்துச் சொல்கிறேன். வேறு கார்டு என்றாலும் வரிசை இதேதான்.

முதல் படி: எந்தத் தலைமுறை என்று பாருங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். சோலோ என்ற ஒரே பெயரில் நான்கு தலைமுறைகள் வந்திருக்கின்றன. மூன்றாம் தலைமுறையில் மைக் செருகும் இடம் முன்பக்கம் இருக்கும், பக்கத்திலேயே ஏர் என்ற பொத்தானும் இருக்கும். நான்காம் தலைமுறையில் மைக் இணைப்பு பின்பக்கம் போய்விட்டது. மூன்றாவதுக்கு ஃபோகஸ்ரைட் கன்ட்ரோல், நான்காவதுக்கு ஃபோகஸ்ரைட் கன்ட்ரோல் 2 என மென்பொருளும் வேறு வேறு.

தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். எல்லா டிரைவரையும் தானே தேடித் தருவதாகச் சொன்ன ஒரு மென்பொருளை நான் ஒருமுறை நம்பினேன். அது வேறு மாடலின் டிரைவரைப் போட்டுவைத்தது. அதை முழுதாக நீக்கி எடுக்க ஒரு மாலை முழுக்கப் போனது.

இரண்டாவது: பழையதை நீக்குங்கள்

முன்பு வேறு சவுண்ட் கார்டு வைத்திருந்தால் அதன் மென்பொருளை செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் நீக்கிவிடுங்கள். ஏஎஸ்ஐஓ4ஆல் இருந்தால் அதுவும் இப்போது வேண்டாம். சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவர் இல்லாத கருவிகளுக்கான மாற்று வழி அது. நீக்கியபின் கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

மூன்றாவது: முதலில் டிரைவர், பிறகு கேபிள்

கார்டைச் செருகாமலேயே நிறுவலைத் தொடங்குங்கள். நடுவில் செருகச் சொன்னால் அப்போது செருகலாம். முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்துவிட்டு, லேப்டாப்பில் உள்ள போர்ட்டிலேயே நேராகச் செருகுங்கள், ஹப் வேண்டாம். சோலோவுக்குத் தனி மின் இணைப்பு கிடையாது, யூஎஸ்பி தரும் மின்சாரத்திலேயே ஓடுகிறது. கேபிளும் பெட்டியோடு வந்ததாக இருக்கட்டும். சில மொபைல் சார்ஜர் கேபிள்களில் தகவல் போகும் கம்பியே இருக்காது. விளக்கு எரியும், ஆனால் கணினிக்குக் கார்டு வந்ததே தெரியாது. கணினி அடையாளம் கண்டுகொண்டால் சோலோவின் முகப்பில் யூஎஸ்பி குறி பச்சையாக ஒளிரும்.

மூன்றாம் தலைமுறைக் கார்டை முதன்முதலில் செருகும்போது அது பென் டிரைவ் போல ஒரு டிரைவாகத் தோன்றலாம். பயப்பட வேண்டாம், அது புதியவர்களுக்கான தொடக்க உதவி. ஆனால் அந்த நிலையிலேயே விட்டுவிட்டால் கார்டின் முழுத் திறனும் கிடைக்காது. கண்டன்சர் மைக்குக்கு மின்சாரம் தரும் 48வி பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து விடுங்கள். பிறகு கேபிளைக் கழற்றி மீண்டும் செருகுங்கள்.

நான்காவது: உண்மையிலேயே நிறுவப்பட்டதா?

விண்டோஸ் விசையோடு எக்ஸ் விசையை அழுத்தி டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ் என்ற வரியை விரித்தால் ஃபோகஸ்ரைட் யூஎஸ்பி ஆடியோ என்ற பெயர் தெரிய வேண்டும். மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதை இரட்டைக் கிளிக் செய்து எண்ணைப் படியுங்கள். 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. 10 என்றால் கருவியால் இயங்கத் தொடங்க முடியவில்லை, முதலில் போர்ட்டையும் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் அந்தப் பெயரை ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுங்கள். டிரைவரையும் சேர்த்து நீக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். அதை விட்டுவிட்டால் அடுத்த முறை செருகும்போது அதே கெட்டுப்போன டிரைவர் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஐந்தாவது: பதிவு மென்பொருளில் தேர்வு செய்வது

டிரைவரைச் சரியாக நிறுவிய பலரும் தவறவிடும் இடம் இதுதான். மென்பொருள் தானாக ஏஎஸ்ஐஓவுக்கு மாறிவிடாது. ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் ஆப்ஷன்ஸ், பிரிஃபரன்சஸ், ஆடியோ, டிவைஸ் என்று போய், ஆடியோ சிஸ்டத்தை ஏஎஸ்ஐஓ என்று மாற்றுங்கள். டிரைவராக ஃபோகஸ்ரைட் யூஎஸ்பி ஏஎஸ்ஐஓவைத் தேர்ந்தெடுங்கள். ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளப்பது என்பதுதான் சாம்பிள் ரேட். அது விண்டோஸிலும் மென்பொருளிலும் ஒன்றாகவே இருக்கட்டும், 48000 போதும்.

அடுத்தது பஃபர், அதாவது கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித் துண்டின் அளவு. 128 சாம்பிள் வைத்தால் 48000ல் ஒரு பஃபர் சுமார் 2.7 மில்லி விநாடி. போய்வரும் மொத்தத் தாமதம் இதைவிடக் கூடுதலாக இருக்கும், ஆனாலும் பாடுகிறவரின் காதுக்கு உறுத்தாது. அன்றைக்கு இதை மாற்றிய பிறகு அக்கா மகள் ஒரு வரி பாடிப் பார்த்துவிட்டு, ஹெட்ஃபோனைக்கூடக் கழற்றாமல் அப்படியே முழு வர்ணத்தையும் பாடி முடித்தாள். 128ல் படபடவென்று சத்தம் வந்தால் 256க்குப் போங்கள். பதிவு முடிந்து மிக்ஸிங் செய்யும்போது 512 வைத்தாலும் பரவாயில்லை.

கார்டில் டைரக்ட் மானிட்டர் என்ற சுவிட்சும் இருக்கிறது. அதைப் போட்டால் உங்கள் குரல் கணினிக்குப் போய்வராமல் கார்டிலிருந்தே காதுக்கு வரும். வெறும் குரலுக்கு இது அருமையான வழி. மென்பொருளில் எஃபெக்ட் போட்டு கிட்டார் வாசிப்பவர்களுக்கு உதவாது, அவர்கள் பஃபரைத்தான் குறைக்க வேண்டும். எந்த வழியானாலும் ஒன்றை மட்டும் வையுங்கள். இரண்டும் ஓடினால் குரல் இரட்டையாகக் கேட்கும்.

எல்லாம் செய்தும் அவ்வப்போது கார்டு தானாகத் துண்டிக்கப்பட்டால், டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போங்கள். மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். வீடியோ அழைப்பில் மட்டும் மைக்கில் எதுவுமே கேட்கவில்லை என்றால் டிரைவரைத் தொடவே வேண்டாம். செட்டிங்ஸில் பிரைவசி, மைக்ரோஃபோன் பகுதியில் அனுமதி அணைந்திருக்கிறதா பாருங்கள். கண்டன்சர் மைக் வைத்திருப்பவர்கள் அதற்கும் முன்னால் கார்டில் 48வி விளக்கு எரிகிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.