சிடி படத்தில் டெஸ்மாய்டு கட்டியை நான் தேடும் விதம்

டெஸ்மாய்டு என்பது நார்த்திசுவில் வளரும் ஒரு கட்டி. படத்தைத் திறக்கும் முன் நோயாளியின் பழைய கதையைத்தான் படிப்பேன். வயிற்றில் முன்பு அறுவை நடந்ததா? குடும்பத்தில் பெருங்குடல் பாலிப் (சிறு சதை வளர்ச்சி) நோய் உண்டா? அண்மையில் பிரசவமா? இதில் ஒன்று இருந்தாலே டெஸ்மாய்டு என் சந்தேகப் பட்டியலில் ஏறிவிடும்.

அப்புறம் அடர்த்தி. கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ரத்தநாளத்தில் ஏற்றும் மருந்து) இல்லாத படத்தில் பெரும்பாலும் பக்கத்துத் தசையின் அதே சாம்பல் நிறம். வயிற்றின் முன்சுவரில் உள்ள ரெக்டஸ் தசைக்குள் இருந்தால் தசைதான் தடித்திருக்கிறது என்று தோன்றும், நானே ஏமாந்திருக்கிறேன். இடது, வலது இரண்டையும் ஒப்பிடுங்கள். கான்ட்ராஸ்ட் கொடுத்தபின் பெரும்பாலும் லேசாகவோ மிதமாகவோ ஒளிரும்.

மெசென்ட்ரியில், அதாவது குடலைத் தாங்கும் கொழுப்பு மடிப்பில், வந்தால் விளிம்பில்தான் விஷயம். சிலது வழவழப்பான உருண்டை. சிலது கொழுப்புக்குள் கதிர்கதிராக இழை நீட்டி, குடல் வளைவுகளைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும். சிறுநீர்க்குழாயைக் கீழே வரை தொடருங்கள், அது நசுங்கி சிறுநீரகம் வீங்கியிருக்கலாம். உள்ளே சுண்ணாம்புப் படிவு இருந்தால் நான் கார்சினாய்டு (குடலில் தோன்றும் வேறொரு வகைக் கட்டி) பக்கம் திரும்புவேன்.

டெஸ்மாய்டு வேறு உறுப்புக்குப் பரவாது. கல்லீரலில் புள்ளிகள் தெரிந்தால் வேறு காரணம் தேடுங்கள். சரி, பெயரை உறுதியாகச் சொல்ல பயாப்ஸி வேண்டும். ரிப்போர்ட்டில் மூன்று திசை அளவுகளையும் எழுதிவிடுங்கள். அடுத்த ஸ்கேன் பார்ப்பவர் அதைத்தான் முதலில் தேடுவார்.