மவுண்டன் சைக்கிள் பிவட் பேரிங்கை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் வைத்திருக்கிறீர்களா? சீட்டைப் பிடித்து லேசாகத் தூக்கும்போது 'டொக்' என்று ஓர் ஆட்டம் கைக்குத் தெரிந்தால், பள்ளத்தில் இறங்கும்போது பின்னால் 'கிரீச்' என்று சத்தம் வந்தால், பிவட் பேரிங்கைத்தான், அதாவது பின்பாகம் மேலும் கீழும் அசையும் மூட்டுகளில் இருக்கும் பேரிங்கைத்தான், முதலில் சந்தேகப்பட வேண்டும். சக்கரத்து பேரிங் முழுதாகச் சுற்றும், இது சில டிகிரி மட்டும் முன்னும் பின்னும் அசைகிறது, அதனால் குண்டுகள் ஒரே இடத்தை அழுத்தி அழுத்திக் குழி விழுந்துவிடும். தண்ணீரும் போனால் துருதான்.

முதலில் பின்சக்கரத்தைக் கழற்றுங்கள். பின்பக்க அதிர்வைத் தாங்கும் ஷாக், காற்றடைத்த ஏர் ஷாக் என்றால் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு காற்றை இறக்கிவிட்டு ஷாக்கையும் கழற்றுங்கள். இப்போது பின்பாகத்தைக் கையால் மேலும் கீழும் அசைத்தால் எந்த இடம் இறுக்கம் என்று தெரிந்துவிடும். மூட்டுகளைப் பிணைக்கும் லிங்க் போல்ட்களை ஒவ்வொன்றாகக் கழற்றும்போதே போட்டோ எடுங்கள், வாஷரோடு சேர்த்து ஓர் அட்டையில் வரிசையாகக் குத்தி வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் பூட்டும்போது கண்டிப்பாகக் குழம்பும்.

ஒவ்வொரு பேரிங்கிலும் விரலை விட்டுச் சுற்றுங்கள். மணல் அரைக்கிற மாதிரி இருந்தால் மாற்ற வேண்டியதுதான். ரப்பர் சீலில் நம்பர் இருக்கும். 6902 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மி.மீ.; 6802 என்றால் 15, 24, 5. ஒரே சைக்கிளில் இரண்டு மூன்று அளவு இருக்கலாம், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். 'மேக்ஸ்' வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள், உள்ளே கூண்டு இல்லாமல் குண்டுகளை நிறைத்திருப்பதால் இந்த மாதிரி இடத்துக்கு அதுதான் தாங்கும்.

கழற்றவும் ஏற்றவும் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 8 மி.மீ. திரெட் ராட் (நீளம் முழுக்க மரை உள்ள கம்பி), இரண்டு நட், கனமான வாஷர்கள், சில சாக்கெட்கள் போதும். கழற்றும்போது ராடை பேரிங் வழியே விட்டு, ஒரு பக்கம் பேரிங்கைவிடப் பெரிய சாக்கெட், மறுபக்கம் சிறியது. நட்டை இறுக்க இறுக்க பேரிங் பெரிய சாக்கெட்டுக்குள் வந்துவிடும். பின்பக்கம் மூடியிருந்தால் பேரிங்கை உள்ளிருந்து பிடித்து இழுக்கும் பிளைண்ட் புல்லர் வேண்டும். சரி, அடுத்தது துளையை ஸ்பிரிட்டால் துடைத்து மெல்லிய கிரீஸ் தடவுவது.

இப்போது முக்கியமான இடம். புது பேரிங்கை ஏற்றும்போது சாக்கெட் அதன் வெளி வளையத்தில் மட்டுமே உட்கார வேண்டும். முதல் தடவை நான் அவசரத்தில் உள் வளையத்தில் வைத்துச் சுத்தியலால் தட்டினேன், புத்தம் புது பேரிங் அன்றே கரகரவென்று ஆகிவிட்டது. மெதுவாக இறுக்குங்கள், கோணலாகப் போனால் உடனே நிறுத்திப் பின்னால் எடுங்கள். அடியில் உட்கார்ந்ததும் ஸ்பேனர் சட்டென்று கனத்துப்போகும், அதோடு நிறுத்திவிட வேண்டும். கார்பன் பிரேமில் சுத்தியலும் வேண்டாம், சூடேற்றவும் வேண்டாம்.

அப்புறம் போல்ட் மரையில் ஒரு சொட்டு நீல திரெட்லாக் (போல்ட் தானாகத் தளராமல் பிடிக்கும் பசை) விட்டு, சைக்கிள் கம்பெனி மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். ஷாக்கை மாட்டும் முன் பின்பாகத்தைத் தூக்கி விட்டுப் பாருங்கள், தன் கனத்திலேயே தடையில்லாமல் இறங்க வேண்டும். ஷாக்கில் பழைய அளவுக்குக் காற்றடித்து, முதல் ஓட்டம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.