பக்கத்து வீட்டு நாய்கள் ஓயாமல் குரைக்கின்றனவா? சண்டை வராமல் தீர்க்க ஒரு வழி

சென்னை மடிப்பாக்கம் பக்கம் தனி வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் தெரு எங்களுடையது. பக்கத்து வீட்டில் ஒரு லேப்ரடார், ஒரு நாட்டு நாய். கணவன், மனைவி இரண்டு பேரும் ஐடி வேலை. காலையில் அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் கச்சேரி தொடங்கிவிடும். இப்போது முக்கால்வாசி அடங்கிவிட்டது, அந்த வீட்டாரோடு பேச்சுவார்த்தையும் நின்றுபோகவில்லை. எப்படி என்று கேட்கிறவர்களுக்காக இந்தப் பதிவு.

படி 1: ஒரு நோட்டுப் போடுங்கள்

எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, அந்த நேரம் தெருவில் என்ன நடந்தது. இந்த மூன்றும் போதும். மூன்றாவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் எழுதினாலே ஒழுங்கு தெரியும். எங்கள் தெருவில் அது இரண்டு வகையாகப் பிரிந்தது. குப்பை வண்டி, பால்காரர், பார்சல் கொண்டுவரும் பையன்கள் வரும்போது ஒரு வகை. வீட்டார் கிளம்பிய அரை மணிக்குள் தொடங்கி, ஊளையும் கலந்து இழுத்துக்கொண்டே போவது இன்னொரு வகை. முன்னது காவல், பின்னது தனிமை. இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால்தான் இந்த நோட்டு.

படி 2: பதிவு செய்யுங்கள் (பலரும் சறுக்குவது இங்கேதான்)

வீட்டார் இல்லாதபோதுதான் நாய் குரைக்கிறது என்றால் அவர்களுக்கு அது தெரியவே வாய்ப்பில்லை. "நாங்க இருக்கும்போது அது சத்தமே போடாதே சார்" என்பார்கள். பொய் சொல்லவில்லை, அவர்கள் பார்ப்பது அவ்வளவுதான். ஆகவே ஒலிப்பதிவு வேண்டும்.

பழைய போன் ஒன்றைச் சார்ஜரில் மாட்டி, ஏரோபிளேன் மோடில் போட்டு, உங்கள் ஜன்னல் ஓரம் வையுங்கள். ஜன்னலுக்கு உள்ளே. சுவருக்கு மேல் நீட்டிப் பிடித்தால் அவர்கள் வீட்டுப் பேச்சும் பதிவாகும், அது வேறு வம்பு. ஆரம்பத்தில் தேதியையும் மணியையும் வாயால் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, செயலியின் செட்டிங்கைத் திறந்து பாருங்கள். பல வாய்ஸ் ரெக்கார்டர்களில் அமைதியான இடத்தை வெட்டிவிடும் வசதி ஒன்று இருக்கும். அது ஆனில் இருந்தால், விட்டுவிட்டுக் குரைத்ததெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இடைவிடாமல் குரைத்த மாதிரி கேட்கும். எத்தனை மணிக்குக் குரைத்தது என்ற கணக்கும் போய்விடும். அதை நாய் வளர்ப்பவரிடம் போட்டுக் காட்டினால் முதல் கேள்வியிலேயே உங்கள் பேச்சு எடுபடாது. இரைச்சலைக் குறைக்கும் வசதியும் அப்படியே. மனிதக் குரலை மட்டும் காப்பாற்றப் பார்த்து, நாயின் சத்தத்தைத் தேய்த்துவிடும். இரண்டையும் ஆஃப் செய்துவிட்டு, ஐந்து நிமிடம் சோதித்துப் பார்த்த பிறகு மீதியைத் தொடங்குங்கள்.

மூன்று மணி நேரக் கோப்பை யாரும் உட்கார்ந்து கேட்கமாட்டார்கள். கணினியில் ஆடாசிட்டி (Audacity) என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து பாருங்கள். இலவசம்தான், இதற்கு வேறெதுவும் வேண்டாம். ஒலி அலைப்படத்தில் குரைப்பெல்லாம் முள் முள்ளாக நிற்கும். ஒரு நிமிடத் துண்டு ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு, முழு அலைப்படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரரை யோசிக்க வைத்தது அந்தப் படம்தான். அவர் கார் கிளம்பிய நேரத்துக்குப் பின்னால் முள் வரிசையாக நின்றது.

டெசிபல் காட்டும் செயலிகளை நம்பிப் பணம் கட்டாதீர்கள். போன் மைக் அளவுத்திருத்தம் செய்யப்பட்டதல்ல. ஒரு குத்துமதிப்புக்குப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவே.

படி 3: போய்ப் பேசுங்கள்

நாய் குரைத்துக்கொண்டிருக்கும்போது போகாதீர்கள், அப்போது உங்கள் முகமே சரியாக இருக்காது. தெரு வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. நாலு பேர் பார்க்க ஒருவரைக் குற்றவாளி ஆக்கினால் அவர் நாயைக் கவனிக்கமாட்டார், உங்களைத்தான் கவனிப்பார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வாக்கில், டிபன் முடிந்து ஓய்வாக இருக்கும் நேரம் நல்லது.

"உங்க நாய் தொல்லை தாங்கல" என்று ஆரம்பிக்காமல், "நீங்க கிளம்பினதும் அது ரொம்ப நேரம் அழுவுது சார், ஒரு தடவை கேளுங்க" என்று சொல்லிப் பாருங்கள். நாய் வளர்க்கிறவர் அந்த ஒரு வரிக்கு இறங்குவார்.

படி 4: கையோடு யோசனையும் கொண்டுபோங்கள்

காவல் குரைப்புக்கு, பார்வையை மறைப்பதுதான் முதல் வேலை. எங்கள் பக்கத்து வீட்டுக் கிரில் கேட்டின் அடியில் ஒரு சாண் இடைவெளி. நாட்டு நாய் அதில் மூக்கை நுழைத்து, தெருவில் போகிறவர்களின் கால்களையெல்லாம் பார்த்துக் கத்தும். பார்சல் பையன் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவான். தான் குரைத்துத்தான் விரட்டினோம் என்று அது நினைத்துக்கொள்ளும், மறுநாள் இன்னும் பலமாகக் கத்தும். கேட்டின் கீழ்ப்பாதிக்குத் தகடு அடித்ததில் இந்த வகை பெருமளவு குறைந்தது. பச்சை ஷேட் நெட் மலிவு, ஆனால் நாய் ஒரே வாரத்தில் கிழித்துவிடும். என் ஓட்டு தகடுக்குத்தான்.

தனிமைக் குரைப்பு சுலபத்தில் போகாது. வீட்டார் கிளம்புமுன் நன்றாக நடத்திக் கூட்டிவருவது, பொறையைத் தரையில் சிதறிப்போட்டுத் தேடித் தின்ன விடுவது, நடுப்பகலில் யாராவது ஒருவர் வந்து பார்ப்பது எல்லாம் உதவும். வயதான நாய் திடீரென்று இரவில் குரைக்கத் தொடங்கினால் வலியோ, காது, கண் மங்கலோ இருக்கலாம். வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். இரவு பத்து மணிக்குமேல் உள்ளே படுக்க வைக்கும்படியும் கேளுங்கள்.

உங்களைப் பார்த்தே அவை குரைக்கின்றனவா? வீட்டாரிடம் அனுமதி கேட்டு, அவர்கள் முன்னாலேயே பழகுங்கள். அனுமதி இல்லாமல் எதையும் சுவருக்கு அந்தப்பக்கம் எறியாதீர்கள். நாளைக்கு அந்த நாய்க்கு வயிற்றுப்போக்கு வந்தாலும் பழி உங்கள் தலையில்தான்.

வாங்கவே கூடாதவை

மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியால் நாயை அடக்கும் என்று விற்கிற பெட்டிகள். குரைக்காத நாய்க்கும் அதே ஒலி, பயந்த நாய் இன்னும் பயந்து கத்தும், சில நாய் பழகிப்போய் மதிக்காது. மின் அதிர்ச்சிக் கழுத்துப்பட்டையை யாருக்கும் சிபாரிசு செய்யாதீர்கள். விஷம், கல் என்று கோபத்தில் பேசுகிறவர்களுக்கு: விலங்கைக் கொன்றாலோ முடமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 325ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை.

படி 5: பேசியும் நடக்கவில்லை என்றால்

முதலில் அந்த வீட்டாருக்குக் கடிதம், பிறகு காவல் நிலையத்தில் மனு. மனு பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு இருக்கிறது. கடிதத்தில் அதைக் குறிப்பிடலாம். நாய் எந்நேரமும் சங்கிலியில் கிடந்தால், பழக்கமாகக் கட்டிவைக்கும் நாயை நடமாடவிடாமல் இருப்பது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் வரும் குற்றம்.

அதற்கும் மேலே கோட்டாட்சியர். பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவில் பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. "பொது" என்பதைக் கவனியுங்கள். நீங்கள் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் மனு நிற்பது கஷ்டம், பக்கத்து நாலு வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனி ஒருவரின் தொல்லைக்கு உரிமையியல் நீதிமன்றம்தான். செலவும் காலமும் பார்த்து இறங்குங்கள்.

பின்சேர்க்கை 1: அடுக்ககத்தில் இருக்கும் சிலர், "சங்கத்தில் சொல்லி நாயையே தடை செய்யலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. சங்கம் வளர்ப்பு நாயைத் தடை செய்யக்கூடாது என்று இந்திய விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. சங்கச் செயலாளரை நடுவில் வைத்துப் பேசுங்கள், அது பலன் தரும்.

பின்சேர்க்கை 2: தெருநாய்களுக்கு இந்த முறை ஒத்துவராது. சென்னைக்குள் என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைத்துக் கருத்தடைக்குச் சொல்லலாம். 2023ஆம் ஆண்டு விலங்குக் கருத்தடை விதிகளின்படி அறுவை முடிந்ததும் அதே இடத்தில்தான் கொண்டுவந்து விடுவார்கள், அதையும் தெரிந்துகொண்டு அழையுங்கள்.

பின்சேர்க்கை 3: திரைச்சீலை கனமாகப் போட்டும் பயனில்லை என்று எழுதியவருக்கு: சத்தம் வருவது ஜன்னல் இடுக்கு வழியாக. இழுத்து மூடும் ஜன்னலில் இரண்டு கதவும் சேரும் இடத்தில் கை வைத்துப் பாருங்கள், காற்று படும். ஹார்டுவேர் கடையில் ஃபோம் டேப் வாங்கி அங்கே ஒட்டுங்கள். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். தீபாவளிக்கு முன்னும் பின்னும் வரும் குரைப்பை நோட்டில் சேர்க்காதீர்கள், அந்த வாரம் எல்லா நாயும் கத்தும்.