பிஎஃப், இஎஸ்ஐ ரிட்டர்ன்: சின்ன கம்பெனிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்பெல்லாம் ஏப்ரல் பிறந்தால் அம்பத்தூர் எஸ்டேட்டில் கணக்கு பார்ப்பவர்களுக்கு 3ஏ, 6ஏ படிவங்கள்தான் வேலை. ஒவ்வொரு தொழிலாளிக்கும் வருடம் முழுக்கப் பிடித்த பிஎஃப்பை மாதவாரியாக எழுதி, பன்னிரண்டு சலானோடும் ஒத்துப்போகிறதா என்று கூட்டிப் பார்த்து அனுப்புவோம். 2012-ல் இசிஆர் என்ற, சலானும் ரிட்டர்னும் சேர்ந்த மின்னணுக் கோப்பு வந்ததும் அந்தப் படிவங்கள் போயின. மாதாமாதம் ஏற்றும் கோப்பே ரிட்டர்ன் ஆகிவிட்டது. கூடவே, வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பெயராக உட்கார்ந்து பார்க்கும் பழக்கமும் போய்விட்டது. படிவம் இல்லாவிட்டாலும் அந்தப் பார்வை வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் தவறு பெயரில். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் ‘முருகேசன் பெருமாள்’, பள்ளிச் சான்றிதழில் ‘பெ. முருகேசன்’, பழைய பிஎஃப் கணக்கில் வெறும் ‘முருகேசன்’. ஆள் ஒருவர்தான், கணினிக்கு மூன்று பேர். வேலையில் இருக்கும்வரை யாருக்கும் இது உறுத்தாது, ஏனென்றால் பணம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். எடுக்கப் போகும்போதுதான் இடிக்கும். மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுக்க வந்த ஒரு லேத் ஆபரேட்டரை நான் மறக்கவில்லை. பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து கூடுதல், பிறந்த வருடத்தில் ஓர் இலக்கம் மாற்றம். திருத்தத்துக்கான கூட்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டிய முதலாளி பட்டறையையே மூடிவிட்டுப் போயிருந்தார். அந்த ஆபரேட்டர் கையில் இருந்தது ஒரு கசங்கிய சம்பளச் சீட்டு மட்டும். கம்பெனி நடந்துகொண்டிருக்கும்போதே யூஏஎன் (ஒவ்வொருவருக்கும் உள்ள பிஎஃப் எண்) பதிவையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். அப்பா பெயரையும் பிறந்த தேதியையும் சேர்த்தே பாருங்கள்.

வேலையை விட்டவரின் விலகிய தேதியைப் போடாமல் விடுவது அடுத்தது. அந்தத் தேதி இல்லாமல் பழைய கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்ற முடியாமல் திண்டாடுவார். கடைசி சந்தா போய் இரண்டு மாதம் கழித்து அவரே போட்டுக்கொள்ள வழி உண்டு. ஆனால் அது நம் வேலை, அவர் வேலை அல்ல.

பென்ஷன் பங்கில் நடக்கும் பிழை இன்னும் ஆழமானது, காரணம் சலானில் மொத்தத் தொகை சரியாகவே இருக்கும். முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 பென்ஷனுக்கு, அதிகபட்சம் மாதம் 1,250 ரூபாய். மீதி பிஎஃப்புக்கு. ஆனால் 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதல்முறையாகப் பிஎஃப்பில் சேர்ந்து, அப்போதே 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கியவருக்குப் பென்ஷன் பங்கு கிடையாது, முழுதும் பிஎஃப்புக்கே போக வேண்டும். 58 வயது முடிந்தவருக்கும் அப்படித்தான். போன மாதக் கோப்பை அப்படியே நகல் எடுத்து ஏற்றும் இடங்களில் 60 வயதுக்காரருக்கும் 1,250 போய்க்கொண்டே இருக்கும். பிறந்த தேதிவாரியாக ஒருமுறை பட்டியல் போட்டாலே இது தெரிந்துவிடும்.

தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐயில் நான் அடிக்கடி சண்டை போடும் விஷயம் ஒன்று இருக்கிறது. 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டிய மாதமே சந்தாவை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு சந்தாக் காலங்கள். நடுவில் சம்பளம் ஏறினாலும் அந்தக் காலம் முடியும்வரை, ஏறிய சம்பளத்துக்கே, தொழிலாளி பங்கு 0.75, முதலாளி பங்கு 3.25 சதவீதம் கட்டியாக வேண்டும். ஜூனில் சம்பளம் 22,000 ஆனது என்று நிறுத்தினால் ஏப்ரல், மே இரண்டுக்கும் சேர்த்து அதிகபட்சம் 61 நாள்தான் கணக்கில் நிற்கும். நோய்க்கால உதவித்தொகைக்கு 78 நாள் வேண்டும். அந்த ஏப்ரல்-செப்டம்பர் சந்தாவுக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. பிப்ரவரியில் அவர் அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால், நாம் ஜூனில் செய்த தவறு அப்போதுதான் வீட்டுக்குத் தெரியும்.

அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி மீதியைச் ‘சிறப்புப் படி’ என்று போடுவதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரேமாதிரி தரும் படியும் பிஎஃப் கணக்கில் சேரும் என்று 2019 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கான்ட்ராக்ட் ஆட்களை வைத்திருப்பவர்கள், கான்ட்ராக்டர் காட்டும் சலானை மட்டும் வாங்கி ஃபைலில் போடாதீர்கள். அவர் வேறு கம்பெனி ஆட்களுக்கும் சேர்த்துக் கட்டியிருப்பார், தொகையைப் பார்த்தால் எதுவும் புரியாது. அந்த மாத இசிஆரில் உள்ள பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கி, உங்கள் கேட்டில் இருக்கும் வருகைப் பதிவோடு வைத்துப் பாருங்கள். அவர் கட்டாமல் விட்டால் கேள்வி உங்களிடம்தான் வரும்.